எந்த வாக்கியம் பிழை?

கண்டியை அடுத்த குண்டசாலையில் அனீஸாவின் வீடு எது என்று கேட்டால், சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரர்கள் "சுத்தாக்களுக்குக் கதைத்துக் கொடுக்கும் மிஸ்ஸா?" என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்பார்கள். சுத்தா என்றால் சிங்களத்தில் வெள்ளைக்காரர். அனீஸாவுக்கு அந்த அடையாளம் பிடித்திருந்தது. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து, முழங்கால் வலி வந்து நேரத்தோடே ஓய்வு எடுத்தவள் அவள். அதற்குப் பிறகுதான் இந்த மொழிபெயர்ப்பு வேலை வந்து சேர்ந்தது. முதலில் தண்ணீர்த் திட்டம் ஒன்றுக்கு வந்த பொறியியலாளர்கள் கூப்பிட்டார்கள். பிறகு வைத்தியர்கள். பிறகு, நாட்டில் ஒவ்வொரு கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்து முடிந்த பின்னால், ஆராய்ச்சியாளர்கள்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவள் நாக்கில் சண்டை பிடிக்காமல் இருந்தன. ஒருவர் "நான்" என்று சொன்னால் அவளும் "நான்" என்றுதான் மொழிபெயர்ப்பாள், "அவர் சொல்கிறார்" என்று இடையில் நுழைய மாட்டாள். யாராவது பேசும்போது அழுதால், அழுது முடியும் வரைக்கும் சும்மா இருப்பாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அவளுடைய கணவன் மஹ்ரூப்புக்கு டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை. "நான் விக்கிறதும் நீ செய்றதும் ஒண்டு தான் அனீஸா. நடுவுல நிக்கிற சாமான் தெரியக் கூடாது" என்று அவன் பகிடியாகச் சொல்வான். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஹென்ரிக் வந்தது அவளுக்கு இந்த வேலை நன்றாகப் பழகிவிட்ட காலத்தில். ஐரோப்பாவின் வடக்குப் பக்கத்துத் தலைநகரம் ஒன்றில் இருந்த ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவன். வன்முறை நடந்த ஊர்களில், நடந்து சில வருடங்களுக்குப் பிறகு சனங்களின் மனதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அவன் தேடி வந்த விஷயம். உயரமான ஆள். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவான். சலாம் சொல்லப் பழகிக்கொண்டான். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பான். அனீஸா பார்த்த ஆராய்ச்சியாளர்களில் அவனைப் போல் பொறுமையாகக் காது கொடுத்தவர்கள் குறைவு.

அவள் அவனைப் பல்லேவத்தைக்குக் கூட்டிப் போனாள். மஹியங்கனை வீதியில் பஸ்ஸில் போய் இறங்கி, கிளைப் பாதையில் சரிவாக நடக்க வேண்டிய சின்ன முஸ்லிம் ஊர் அது. அங்கே அகீலா என்ற பெண் தன் வீட்டு முன் மண்டபத்தில் தையல் நிலையம் ஒன்றை நடத்தி வந்தாள். அனீஸாவிடம் முன்பு படித்தவள் இல்லை, சொந்தமும் இல்லை; தண்ணீர்த் திட்டக் காலத்தில் பழகியவள். ஆனால் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடும், பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்பும் அளவுக்கு நெருக்கம். "அனீஸா ராத்தா கூட்டிக்கிட்டு வாற ஆள் எண்டா நாங்க கதைக்கிறோம்" என்று அகீலா சொன்னதால்தான் அன்றைக்கு அத்தனை பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

ஹென்ரிக் மெதுவாகத்தான் தொடங்கினான். சில வருடங்களுக்கு முன் நடந்த சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் சந்திக் கடைகள் எரிந்ததைப் பற்றி இளைஞர்களுக்கு இன்னமும் கோபம் இருக்கிறதா என்று கேட்டான்.

அகீலா சிரித்தாள். "கோவம் இல்லாம ஈக்குமா? வாப்பாட கடை எரிஞ்சா யாருக்கும் கோவம் வரும் தானே. அதுக்கெண்டு என்ன செய்ய? அடுத்த மாசமே அந்தச் சிங்கள ஆக்கள்ட சந்தையில தான் போய் மரக்கறி வாங்கினோம். அவங்களும் தந்தாங்க."

பள்ளிவாசலுக்கு வெளிநாட்டிலிருந்து உதவி ஏதும் வருகிறதா?

"ஓ, கெணறு கட்டித் தந்தது குவைத்துல ஈக்கிற ஒரு ஹாஜியார். இந்தத் தையல் மெஷினும் அவர்ட தான். அந்தக் கெணத்துல தான் பக்கத்துச் சிங்கள வீட்டாக்களும் தண்ணி அள்றாங்க. கோடையில வரிசையா நிப்பாங்க."

பிள்ளைகள் ஓதப் போவது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

"கூட. ரோட்டுல வெளையாட உடப் பயம். பள்ளிக்குப் போனா எங்களுக்கு நிம்மதி."

பிரச்சினை வந்தால் பொலிசைக் கூப்பிடுவீர்களா?

 சுவர் ஓரம் இருந்த வயதான பெண் ஒருத்தி, "கூப்புடலாம். வருவாங்களாண்டு தான் தெரியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹென்ரிக்கும் சிரித்தான்.

அனீஸா எல்லாவற்றையும் சொட்டுச் சிந்தாமல் ஆங்கிலத்தில் கொடுத்தாள். கடைசியில் அகீலாவின் மகள் நஸ்லியா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து முடித்த பெண். மண் பற்றி மேலே படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கேட்டு விண்ணப்பிக்க எண்ணியிருந்தாள். ஹென்ரிக்கோடு அவள் நேரடியாகவே ஆங்கிலத்தில் பேசினாள். அவன் அந்த நாட்டுக் குளிரைப் பற்றி எச்சரித்தான். எல்லாருக்கும் சந்தோஷம். திரும்பி வரும்போது அனீஸாவுக்கு, ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுத்த நிறைவு இருந்தது.

அறிக்கை வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஹென்ரிக் மறக்காமல் இணைப்பை அனுப்பியிருந்தான். அனீஸா அதை மஹ்ரூப்பின் கடையில் உட்கார்ந்து போனில் வாசித்தாள். கனமான, அழகான அறிக்கை. ஊர்ப் பெயர்களை மறைத்து இலக்கங்கள் போட்டிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் வரைபடம் இருந்தது. ஆற்று வளைவையும் வீதியையும் தெரிந்தவர்களுக்கு அது பல்லேவத்தை என்று புரிய ஒரு நிமிடம் போதும்.

அந்த ஊரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இளைஞரிடையே கோபம் நீடிக்கிறது. மத நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி கிடைத்திருக்கிறது. சிறுவர்களின் மதக் கல்வி அதிகரித்துள்ளது. அரச பாதுகாப்பு அமைப்புகளில் நம்பிக்கை குறைவு. இவ்வளவுதான். வரைபடத்தில் அந்த இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். கீழே அதற்கான விளக்கம்: தீவிரமயமாதலுக்கு இலக்காகும் வாய்ப்பு உயர்வாக உள்ள பகுதி.

அனீஸா திரும்பத் திரும்ப வாசித்தாள். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்த மஹ்ரூப் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்ன, பிழையா எழுதீக்கா?"

"இல்ல" என்றாள் அனீஸா. "எல்லாம் சரியாத்தான் எழுதீக்கு. அது தான் வெளங்குதில்ல."

அவள் ஹென்ரிக்கை வீடியோ அழைப்பில் பிடித்தாள். அவன் அவளைக் கண்டதும் உண்மையாகவே மகிழ்ந்தான். முழங்கால் எப்படி என்று விசாரித்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் கவனமாகியது. ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"எந்த வாக்கியம் பிழை, அனீஸா? சொல்லுங்கள், திருத்த முடியுமா என்று பார்க்கிறேன்."

அவள் அறிக்கையின் வரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கோபம் இருக்கிறது என்று அகீலா சொன்னாள்தானே. குவைத் காசு வந்ததுதானே. பிள்ளைகள் ஓதப் போவது கூடியதுதானே. எல்லாவற்றையும் தன் வாயாலேயே அவனுக்கு மொழிபெயர்த்தவள் அனீஸா. ஒன்றும் பிழையில்லை.

"மரக்கறி வாங்கியதை நீங்கள் எழுதவில்லை. கிணற்றில் சிங்கள வீட்டுக்காரர்கள் தண்ணீர் அள்ளுவதையும் எழுதவில்லை."

"எழுதினேன். முதல் வரைவில் இருந்தது. அறிக்கை நீண்டுவிட்டது என்று ஆசிரியர் குழு வெட்டிவிட்டது." அவன் வருத்தப்பட்டது தெரிந்தது. "வரைபடம் என்னுடையது இல்லை. அது வேறு பிரிவு. நாங்கள் பதில்களைக் குறியீடாக்கிக் கொடுப்போம், அவர்கள் அதைக் கணக்கிட்டு நிறம் கொடுப்பார்கள். பல நாடுகளுக்கும் ஒரே முறை. ஒரு ஊருக்காக முறையை மாற்ற முடியாது."

"அந்த ஊரை எனக்குத் தெரியும், ஹென்ரிக்."

"உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை நான் எந்தப் பெட்டிக்குள் போடுவது?"

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கே அது ஒரு கஷ்டம் போலத்தான் சொன்னான். அறிக்கையின் பக்கத்தில் கருத்து எழுதும் இடம் இருக்கிறது, அதில் எழுதுங்கள் என்றான். அவள் எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானாகவே ஒரு பதில் வந்தது. அதோடு சரி.

அடுத்ததாக அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் விரிவுரையாளர் ரிஷிகேசனை அவளுக்கு ஒரு கருத்தரங்கில் பழக்கம். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் வந்து தங்கித் தலை நரைத்தவர். அறைக்குள் கதிரைகளின் மேலெல்லாம் மாணவர்களின் ஆய்வேடுகள் குவிந்து கிடந்தன. ஒரு கதிரையை வெறுமையாக்கி அவளை உட்காரச் சொன்னார்.

"வாங்கோ மிஸ், இருங்கோ. அந்த அறிக்கைதானே? வாசிச்சனான்."

"நீங்க ஒரு மறுப்பு எழுதினா என்ன சேர்? நீங்க சொன்னா கேப்பாங்க."

ரிஷிகேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்கு நல்லதாக ஒன்றும் தெரியவில்லை.

"உந்தப் பக்கத்து ஊருகளைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதினனான் மிஸ். சண்டை வந்த ஊரில சனங்கள் எப்பிடித் திரும்பவும் ஒண்டாக் கொடுக்கல் வாங்கல் செய்யத் துவங்கினவை எண்டு. கன வருச வேலை. இஞ்சதான் அச்சடிச்சது. ஆர் வாசிச்சவை? போன கிழமை என்ர மாணவி ஒராள் ஆய்வேடு கொண்டு வந்தவ. பல்லேவத்தைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை. அவவின்ர ஊரைப் பற்றி எழுத அவ மேற்கோள் காட்டினது ஆரை எண்டு நினைக்கிறியள்?" அவர் மேசையிலிருந்த ஆய்வேட்டைத் தட்டினார். "உந்த அறிக்கையைத்தான். நான் கேட்டன், பிள்ளை, உம்மட வீட்டு வாசலில நடக்கிறது உமக்குத் தெரியாதோ எண்டு. அவ சொல்லுறா, தெரியும் சேர், ஆனா அதுக்கு ரெஃபரன்ஸ் இல்லையே எண்டு."

"அப்ப எழுத மாட்டீங்களா?"

"எழுதுறன். நான் எழுதாமல் விடமாட்டன். ஆனா நீங்கள் நம்பிக்கை வைக்காதேங்கோ. அவை எழுதினா எங்களைப் பற்றின அறிவு. நாங்கள் எழுதினா எங்கட தரப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் சொன்னபடியே எழுதினார். ஆய்வு நிலையத்தின் சஞ்சிகை அதைப் பல மாதம் வைத்திருந்துவிட்டு, சான்றுகள் தனிப்பட்ட அனுபவம் சார்ந்தவை என்று திருப்பி அனுப்பியது.

அதற்கிடையில் நஸ்லியா விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழக இடம் கிடைத்தது, புலமைப்பரிசிலோடு. பல்லேவத்தையிலிருந்து அப்படிப் போகும் முதல் பெண். விசா நேர்முகத்துக்கு அகீலாவும் மகளும் கொழும்புக்குப் போய்வந்தார்கள். பிறகு நீண்ட மௌனம். மேலதிகப் பரிசீலனை என்று ஒரு மின்னஞ்சல். படிப்புத் தொடங்கும் காலம் வந்து கடந்து போனது. கடைசியில் மறுப்பு வந்தது. காரணம் என்ற இடத்தில், எல்லோருக்கும் போடும் பொதுவான ஒரு வரி.

ஒரு பின்னேரம் அகீலா அனீஸாவின் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் ஏதாவது கையில் கொண்டு வருபவள், அன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ராத்தா, ஒரு விஷயம் கேக்கணும். அந்த நேர்முகத்துல புள்ளகிட்ட மண்ணப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. உங்கட ஊருப் பள்ளிக்கு வெளிநாட்டுல இருந்து சல்லி வாறது தானேண்டு கேட்டீக்காங்க. ஊருப் பொடியன்மார் கோவமா ஈக்காங்களாண்டு கேட்டீக்காங்க. புள்ள முழிச்சிக்கிட்டு, கெணறு ஒண்டு கட்டினாங்கண்டு சொல்லீக்கா." அகீலா முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அது நான் அன்னைக்கி எங்கட வீட்டுப் பாயில இருந்து சொன்ன கதை. அது எப்பிடிக் கொழும்புக்குப் போச்சி?"

அனீஸா மறைக்கவில்லை. ஹென்ரிக் எழுதியதையும், அவனுடைய ஆய்வு நிலையம் அதைப் பல வெளிநாட்டு அமைச்சுகளுக்குக் கொடுப்பதையும், அங்கிருந்து தூதரக மேசைகளுக்கு அது போயிருக்கக்கூடும் என்பதையும் சொன்னாள். இருக்கக்கூடும், அவ்வளவுதான். எந்தத் தூதரகமும் அதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

"நாங்க சொன்னத நீங்க மாத்திச் சொன்னீங்களா ராத்தா?"

"இல்ல. வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா ஒரு சொல்லும் மாத்தல்ல."

"அவர் மாத்தி எழுதினாரா?"

"இல்ல."

"அப்ப யாரு பிழை?"

 தன்னைத்தான் சொல்லலாமா என்று அனீஸா யோசித்தாள். ஆனால் அதுவும் ஒரு சௌகரியமான பொய் போலப் பட்டது. அவள் ஒருத்தியால் மட்டும் இதை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. அகீலா தேத்தண்ணி வேண்டாம் என்று எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மாத்தியாச்சும் சொல்லீக்கலாமே ராத்தா" என்றாள். கோபமாக இல்லை. ஒரு யோசனை சொல்வது போல.

சில வாரங்கள் கழித்து யசோதா தொலைபேசியில் கூப்பிட்டாள். கண்டி நகரத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஒரு நிறுவனத்தில் கள அதிகாரி. அனீஸாவுக்கு அடிக்கடி வேலை கொடுப்பவள்.

"டீச்சர், பல்லேவத்தைப் பொம்பளைங்களுக்கு ஒரு பயிற்சி இருக்கு. கண்டியிலதான், ஏரிப் பக்கத்து ஹோட்டல்ல. நீங்கதான் வரணும்."

பயிற்சியின் பெயர் நீளமானது. வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பதற்கான சமூகப் பலப்படுத்தல். 

"யசோதா, அந்த ஊருக்கு இது தேவையாண்டு நீங்க நெனைக்கிறீங்களா?"

"என்னங்க டீச்சர், எனக்குத் தெரியாதா? நான் அங்க எத்தன தடவ போயிருக்கேன். ஆனா வரைபடத்துல அது செம்மஞ்சளா ஆன பிறகுதான் அந்த ஊருக்கு எதாச்சும் கேக்க முடியுது. முன்ன தையல் சென்டருக்குக் கூர போடணும்னு மூணு தடவ எழுதுனேன், பதிலே இல்ல. இப்ப இந்தப் பேருல கேட்டேன், உடனே குடுத்துட்டாங்க. மேல அவங்க என்ன பேரு வைக்கிறாங்களோ, அந்தப் பேருலதான் நாம வாயத் தொறக்கணும். நீங்க வரலன்னா வேற ஆள எடுப்பாங்க. அந்த ஆளுக்கு நம்ம பொம்பளைங்க பேசுறதே புரியாது."

அனீஸா போனாள்.

ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. பெண்களுக்கு ஒரே நிறத்தில் டீ-சேர்ட் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அதை அபாயாவின் மேல் போடுவதா, கைப்பையில் வைப்பதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவள் தூர நாட்டுப் பெண், கலகலப்பானவள். முதலில் எல்லாரையும் கைதட்டச் செய்தாள். பிறகு விளக்கை அணைத்துத் திரையில் அந்த வரைபடத்தைப் போட்டாள். செம்மஞ்சள் வட்டத்தின் மேல் சிவப்பு ஒளிப்புள்ளி வந்து நின்றது. அவள் பேசினாள், பேசிவிட்டு அனீஸாவைப் பார்த்தாள்.

 அவள் சொன்னதைவிட மென்மையான சொல் ஏதாவது கிடைக்குமா என்று அனீஸா தேடினாள். முன்வரிசையிலிருந்து நஸ்லியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். மாற்றினால் கண்டுகொள்வாள், மாற்றாவிட்டாலும் கண்டுகொள்வாள்.

"இந்த ஊர்," என்றாள் அனீஸா, "இங்குள்ளவர்கள் தீவிரவாதத்தின் பக்கம் இலகுவாக இழுக்கப்படக்கூடிய ஊராக அடையாளம் காணப்பட்டிருக்கிறது."

அன்றைக்குச் சுவர் ஓரம் இருந்த அந்த வயதான பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. "எந்த ஊர? எங்கட ஊரயா சொல்றாங்க?"

அகீலா திரையில் ஆற்று வளைவிலிருந்து வீதியைப் பிடித்து, கிளைப் பாதை வரை கண்ணால் வந்து, தன் வீட்டு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு குழு வேலை. உங்கள் ஊரில் காணப்படும் அபாய அறிகுறிகளை எழுதுங்கள் என்று நிறத் துண்டுகளைக் கொடுத்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி "பொடியன்மாருக்குத் தொழில் இல்ல" என்று எழுதினாள். அனீஸா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், பயிற்சியாளர் மகிழ்ச்சியோடு அதை வாங்கி, தீவிரவாதத்தின் பொருளாதாரக் காரணிகள் என்ற தலைப்பின் கீழ் ஒட்டினாள். எழுதியவள் எழுந்து போய் அதைக் கழற்றப் பார்த்தாள். "நான் அதுக்கு எழுதல்ல, சும்மா தான் எழுதினேன்" என்றாள். அனீஸா அதையும் மொழிபெயர்த்தாள். பரவாயில்லை, கூச்சப்பட வேண்டாம், மிக முக்கியமான கருத்து என்று பதில் வந்தது. துண்டு அங்கேயே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நஸ்லியா அனீஸாவின் மேசைக்கு வந்து இருந்தாள்.

"மிஸ், இவங்களுக்கு நாங்க எங்களப் பத்தி என்ன சொன்னாலும் அது அவங்கட ஏதோ ஒரு தலைப்புக்குள்ள போகுது. வெளிய நிக்க ஒரு இடமும் இல்ல."

"தெரியும் மகள்."

"அப்ப சொல்லாமலே இருந்தா?"

 அந்தக் கேள்வி அனீஸா நினைத்ததைவிட வேகமாக ஊருக்குள் பரவியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் இன்னொரு ஆராய்ச்சியாளர் வந்தாள். இளம் பெண், முந்திய அறிக்கையைத் தொடர்ந்து பார்க்க வந்தவள். அனீஸா அவளைப் பல்லேவத்தைக்குக் கூட்டிப் போனாள். தையல் நிலையத்துக்குப் புதிய கூரை போடப்பட்டிருந்தது. அதே பாய், ஆனால் வந்திருந்த பெண்கள் குறைவு. எல்லோரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள்.

இளைஞர்களுக்குக் கோபம் இருக்கிறதா?

"ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள் அகீலா.

வெளிநாட்டு உதவி?

"அப்பிடி ஒண்டும் இல்ல."

பிள்ளைகளின் மதக் கல்வி?

"எல்லா ஊரையும் போல தான்."

பொலிஸ்?

"நல்ல மாதிரி. எல்லாரும் நல்ல மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. அனீஸா வரி வரியாக மொழிபெயர்த்தாள். அவளுடைய குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. தேத்தண்ணி வரவில்லை.

திரும்பும் வழியில் வேனுக்குள் ஆராய்ச்சியாளர் மடிக்கணினியை மூடாமலே கேட்டாள். "அவர்கள் எதற்கோ பயப்படுகிறார்கள், இல்லையா? யாரோ பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்."

உங்களுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று அனீஸாவுக்கு வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அதுவும் எழுதப்படும். மொழிபெயர்ப்பாளரின் கூற்றுப்படி, என்று தொடங்கும். இல்லை, பயமில்லை என்றால் பொய். தெரியாது என்றால், உள்ளூர்த் தொடர்பாளரும் பேசத் தயங்கினார் என்று ஆகும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீதியோரம் மரக்கறிக் கடைகள், டியூஷன் வகுப்பு விட்டு வரும் பிள்ளைகள், ஹோன் அடித்தபடி முந்தப் பார்க்கும் பஸ்கள்.

"அவர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டேன்" என்றாள்.

விரல்கள் விசைப்பலகையில் ஓடும் சத்தம் குண்டசாலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

புதிய அறிக்கையில் பல்லேவத்தைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சமூகத்துக்குள் இறுகிவரும் மௌனம் என்று அதற்குத் தலைப்பு. வரைபடத்தில் நிறம் ஒரு படி கூடியிருந்தது. ரிஷிகேசன் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், "பேசினாலும் பிடிக்கினம், பேசாட்டிலும் பிடிக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

நஸ்லியா வேறு நாடுகளுக்கும் விண்ணப்பித்துப் பார்த்தாள். ஒவ்வொரு படிவத்திலும் பிறந்த ஊர் எது என்ற கேள்வி இருந்தது. பிறகு விண்ணப்பிப்பதை நிறுத்தினாள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் உரம் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறாள். வரும் விவசாயிகளிடம் மண்ணைப் பற்றி அவள் நன்றாகப் பேசுவாள் என்று மஹ்ரூப் யாரிடமோ கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

கடைசியாக யசோதா கூப்பிட்டபோது சுற்றி வளைத்துத்தான் பேசினாள். பல்லேவத்தைக்கு மறுபடியும் ஒரு குழு வருகிறதாம். வரட்டும், எப்போது என்று அனீஸா கேட்டாள்.

"இல்ல டீச்சர்... அது வந்து... ஊருல அந்தப் பொம்பளைங்க ஒரு கோரிக்க வச்சிருக்காங்க. யாரு வந்தாலும் பரவால்லையாம். உங்கள மட்டும் அனுப்ப வேணாமாம்." யசோதாவின் குரல் தாழ்ந்தது. "தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல கோவம்னு சொல்லல. நீங்க வந்தா நம்ம வீட்டாளு மாதிரி இருக்கும், வாய் தவறி எதையாச்சும் சொல்லிருவோம்னு சொன்னாங்க."

அனீஸா சரி என்றாள்.  ஆய்வு நிலையத்தை அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. தூதரகத்தை, பயிற்சியை, வரைபடத்தை, அதைத் தயாரித்த அந்த முகம் தெரியாத பிரிவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்வதற்கு வாசலும் இல்லை, ஆளும் இல்லை. அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஒரே ஆள் அவள்தான். அதைச் சொல்லிவிட்டார்கள்.

போனை வைத்த பிறகும் அவள் கதிரையிலேயே இருந்தாள். அகீலாவுக்குப் போன் எடுத்துப் பேசலாமா என்று நினைத்தாள்.  வெளியே மழை பிடிக்கத் தொடங்கியது. கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது நினைவு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.